அளவுகோலின் கடைவாய்ப்பல்

பல் விஷயமாக அந்தக் கட்டடத்துக்குள் போக வேண்டிய அவசியம், படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுக்கும் பிரேம் கடைக்காரருக்கு இருக்கவில்லை. அவசியம் இருந்தது அவர் மனைவிக்கு. அந்த அம்மாளுக்கு மேல் வரிசையில் ஒரு பல்லுக்குப் புதிதாக உறை மாதிரி ஒரு கேப் மாட்டியிருந்தார்கள். வாயை மூடினால் மற்ற பற்களெல்லாம் சும்மா இருக்க, இது மட்டும் முண்டியடித்துக்கொண்டு முதலில் போய் முட்டியது.

முன்பெல்லாம் இது ஒரு நிமிட வேலை. டாக்டர் ஒரு துண்டு நீலக் காகிதத்தைப் பல்லிடுக்கில் வைத்து, "கடிங்க, தட்டுதா?" என்பார். தட்டுகிறது என்றால் நீலம் பட்ட இடத்தை லேசாக ராவுவார். "இப்ப?" என்பார். "இப்ப பரவாயில்ல" என்றால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். தட்டுகிறதா இல்லையா என்பதை வாய்க்குச் சொந்தக்காரர் சொல்வார், டாக்டர் நம்புவார். இந்த ஏற்பாட்டில் பெரிய கோளாறு இருப்பதாக மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். நோயாளி சொல்வதை வைத்தா வைத்தியம் பார்ப்பது? நோயாளிக்கு என்ன தெரியும்? ஆகவே கடி அளவை நிலையம் என்று ஒன்றைக் கட்டினார்கள். ஊரில் யார் பல்லை யார் தொடுவதாக இருந்தாலும், முதலில் அங்கே போய்க் கடித்துக் காட்டி, கம்ப்யூட்டரிடம் கணக்கு வாங்கி வர வேண்டும் என்று சட்டமும் போட்டார்கள்.

நிலையம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முகம் தெரியும்படி பளபளக்கும் தரை. தரையோடு சேர்த்துத் திருகிய நாற்காலிகள். நோயாளிகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யார் பயந்தார்களோ தெரியவில்லை. வாசலுக்கு எதிரே பெரிய எழுத்தில், "உணர்வு பொய் சொல்லும், அளவு பொய் சொல்லாது" என்று எழுதியிருந்தது. கீழே அதைச் சொன்னவர் பெயராக இயக்குநரின் பெயர் இருந்தது.

டோக்கன் வாங்கி இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நெடுநேரம் கழித்து மனைவி கைப்பையை இவர் மடியில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வரப் போனாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் டோக்கன் கூப்பிட்டார்கள். கைப்பையோடு இருப்பவர்தான் நோயாளி என்று முடிவுசெய்துகொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் இவரைக் கையோடு உள்ளே அழைத்துப் போனாள்.

"அம்மா, நான் இல்ல, என் வீட்டுல..."

"பேசாதீங்கய்யா. பேசினா ரீடிங் மாறிடும்" என்றாள் அவள்.

லாடம் மாதிரி வளைந்த ஒரு மெல்லிய தகட்டை அவர் வாய்க்குள் வைத்தாள். அதிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போனது. கடிக்கச் சொன்னாள். கடித்தார். திரையில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தூண் எழுந்தது. பலமாகப் படும் பல்லுக்குச் சிவப்பு, லேசாகப் படும் பல்லுக்கு நீலம். கீழே இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு என்று கணக்கு. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். மெஷினின் பக்கவாட்டில் கையால் ஒரு தட்டு தட்டினாள். அணைத்துப் போட்டாள். மறுபடி கடிக்கச் சொன்னாள். மறுபடியும் அதேதான் வந்தது. இடது ஐம்பது, வலது ஐம்பது.

சற்று நேரத்தில் அறை நிறையக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியாக இயக்குநரே வந்தார். நல்ல உயரம், நல்ல கோட்டு. எதைச் சொன்னாலும் பின்வரிசைக்கும் கேட்கும்படி சொல்கிறவர்.

"இந்த மெஷினை விக்கும்போது கம்பெனிக்காரங்க ஒண்ணு சொன்னாங்க" என்று ஆரம்பித்தார். "எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தம்னு இது சொல்லும், ஆனா எவ்வளவு இருந்தா சரின்னு இதுக்குத் தெரியாது, அதை நீங்கதான் முடிவு பண்ணிக்கணும்னாங்க. அன்னைலேருந்து சரியான ஒரு வாயைத் தேடிக்கிட்டிருக்கோம். ஸ்டாஃப் எல்லாரையும் கடிக்க வச்சுப் பார்த்தாச்சு. ஒருத்தர் வாயும் உருப்படியில்ல. நானே எழுபத்தொண்ணுக்கு இருபத்தொம்பது. அதைச் சொல்றதுல எனக்கு வெட்கமில்ல. ஏன்னா நான் அளக்கிற இடத்துல இருக்கேன், அளக்கப்படற இடத்துல இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். தகடு வாயிலிருந்ததால் பிரேம் கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி முகம் துடைத்துக்கொண்டு வந்து கூட்டத்தைப் பார்த்துப் பதறினாள். "ஏங்க, என்னாச்சு? மயங்கி விழுந்துட்டீங்களா?"

"இல்ல. என் கடி நல்லா இருக்காம்."

"உங்க கடிக்கு என்ன. எனக்கில்ல தட்டுது."

அவள் பல்லை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கேப் தானாகவே தேய்ந்து சரியாகிவிட்டது. நிலையம் அதைத் தன் சாதனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

அன்று முதல் பிரேம் கடைக்காரருக்கு 'முதன்மைக் கடி' என்று பட்டம். அலுவலகப் பேச்சில் 'அளவுகோல்' என்றார்கள். "அளவுகோல் வந்தாச்சா?" "அளவுகோல் டீ குடிக்கப் போயிருக்கு." கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள். பெருமையாக இல்லை என்று சொன்னால் பொய். பிறந்ததிலிருந்து யாரும் அவரை எதற்கும் உதாரணம் காட்டியதில்லை.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. காலையில் கடை திறப்பதற்கு முன் நிலையத்துக்குப் போக வேண்டும். வரிசையாக இருக்கும் அறைகளில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு கடி கடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பெண் 'இதுவே சமம்' என்ற பட்டனை அழுத்துவாள். அதோடு சரி. அன்றைக்கு அவர் எப்படிக் கடித்தாரோ அதுதான் ஐம்பதுக்கு ஐம்பது. பிறகு வருகிறவர்களின் கடியை மெஷின் அதோடு ஒப்பிட்டு, உனக்கு இங்கே கூடுதல், அங்கே குறைவு என்று சொல்லும். கூடுதல் என்று வந்த இடத்தை டாக்டர்கள் ராவிவிடுவார்கள்.

பட்டம் வந்த பின்னால் விதிகள் வந்தன. பிரேம் அடிக்கிறவர்கள் சின்ன ஆணிகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பது வழக்கம். ஒரு கை சட்டத்தைப் பிடிக்க, ஒரு கை சுத்தியலுக்கு என்றானபின் ஆணிக்கு வாய்தான் மிச்சம். அது கூடாது என்று உத்தரவு வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கடினமான எதையும் மெல்லக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. ஒரு பக்கமாகச் சிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரிலுள்ள எந்தப் பல் டாக்டரும் அவர் வாயில் கை வைக்கக் கூடாது, வைத்தால் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் படத்தோடு எல்லா கிளினிக்குகளுக்கும் அறிவிப்பு போனது.

"ஊர்ல திருடன் படம்தான் இப்படி ஒட்டுவாங்க" என்றாள் மனைவி.

"இது மரியாதைக்கு ஒட்டறது."

"ரெண்டுக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலியே."

வலி வந்தது கீழ் வரிசையில், வலது பக்கம், கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல்லில். முதலில் தண்ணீர் பட்டால் கூசியது. பிறகு காற்று பட்டாலே கூசியது. பிறகு எதுவும் படாமலே வலித்தது. கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்தார். நடுவில் கறுப்பாக ஒரு குழி இருந்தது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் பெண்ணிடம் சொன்னார். "அம்மா, வலது பக்கம் ஒரு பல்லு வலிக்குது. சொத்தைன்னு நினைக்கிறேன்."

அவள் நல்ல பெண்தான். திரையில் மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். "வலிக்குதுன்னு இதுல பட்டன் எதுவும் இல்லைங்கய்யா. கடிங்க, பார்ப்போம்."

கடித்தார். வலிக்கிற பக்கம் யார்தான் அழுத்திக் கடிப்பார்கள்? வலது பக்கம் பட்டும் படாமலும் வைத்து, இடது பக்கம் கடித்தார். அவள் வழக்கம்போல் 'இதுவே சமம்' பட்டனை அழுத்தினாள். திரை ஐம்பதுக்கு ஐம்பது என்றது.

"பாருங்கய்யா, ஒரு குறையும் இல்ல" என்றாள். உண்மையிலேயே அவருக்காகச் சந்தோஷப்பட்டாள்.

அன்றைக்கு வந்த நோயாளிகள் எல்லோருக்கும் வலது பக்கம் கூடுதல் என்று கணக்கு வந்தது. ராவினார்கள். வலி ஏற ஏற அவர் வலது பக்கத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கடித்தார். ஊருக்கெல்லாம் வலது பக்கம் இன்னும் கூடுதலாயிற்று. இன்னும் ராவினார்கள். ராவும் மெஷின் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ஒரு மாலை கடைக்குப் பக்கத்து பேக்கரியில் டீ வாங்கப் போனார். பேக்கரிக்காரர் ஒரு பிஸ்கட்டை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு சிரமப்பட்டு மென்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, பல்வலியா?"

"வலியெல்லாம் இல்லைங்க. வலது பக்கம் எனக்குக் கனமாம். நாலு தடவை ராவிட்டாங்க. இப்ப அந்தப் பக்கம் கடிச்சா பல்லுக்குப் பல்லு சேரவே மாட்டேங்குது, காத்தைக் கடிக்கிற மாதிரி இருக்கு." பேக்கரிக்காரர் பெருமூச்சு விட்டார். "ஆனா ரீடிங் சூப்பரா வந்திருக்கு. ஐம்பதுக்கு ஐம்பது."

கடையில் இருந்த மற்றவர்களைப் பிரேம் கடைக்காரர் பார்த்தார். எல்லோரும் இடது கன்னம் உப்பித்தான் மென்றுகொண்டிருந்தார்கள். டீயைக் குடிக்காமலே வந்துவிட்டார்.

அந்த வாரம் நிலையத்தின் ஆண்டு விழா. முன்வரிசையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். இயக்குநர் பேசினார். "இத்தனை வருஷமா இந்த ஊர் ஜனங்க வலது பக்கம் கனமாக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. யாருக்கும் தெரியல. அவங்களுக்கே தெரியல. ஒண்ணும் தெரியாம சந்தோஷமாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அந்த நிலைமையை நாம அடியோட மாத்திட்டோம்."

கைதட்டலில் விழா மேடையே அதிர்ந்தது. அந்த அதிர்வு பிரேம் கடைக்காரரின் பல்லில் போய் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிலையத்தின் வளர்ச்சி கண்டு அளவுகோல் ஆனந்தக் கண்ணீர் விட்டதாக மறுநாள் பேப்பரில் எழுதியிருந்தார்கள்.

மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், இவருக்கு ஒரு பல்லு சொத்தை. அதைப் பிடுங்கிடுங்க. இல்லாட்டி வெளியில பிடுங்கிக்க விடுங்க. மனுஷன் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உட்காருங்கம்மா. கடையில துணி அளக்கிறாங்களே, அந்த அளவுகோல்ல ஒரு ஓரமா வெட்டிடுங்கன்னு கேட்டா வெட்டுவாங்களா?"

"அந்தக் கோலுக்கு வலிக்காதுல்ல சார்?"

"அதான் அதோட சிறப்பு. உங்க வீட்டுக்காரர் அந்த நிலைக்கு இன்னும் வரல. வந்துடுவார்."

"பல்லு இவர் வாயில இருக்கா, உங்க வாயில இருக்கா?"

"இருக்கிறது அவர் வாயில. பயன்பாடு மக்களுக்கு" என்றார் இயக்குநர். "ஆனா நாங்க ஈரமில்லாதவங்க இல்ல. குழு போடறேன்."

குழு கூடியது. அளவுகோல் பராமரிப்புக் குழு என்று பெயர். அதில் யாரும் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர் இருந்தால் பல்லைப் பார்க்கத் தோன்றும், அது நடுநிலைக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள். அவரை நடுவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள்.

"வலி எந்தப் பக்கம்?"

"வலது பக்கங்க."

"இடது பக்கம் கொஞ்சங்கூட இல்லையா?"

"இல்லைங்க."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது பெரிய சிக்கலாகப் போய்விட்டது. முதன்மைக் கடி என்பது இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வலி மட்டும் ஒரு பக்கமாக இருந்தால் எப்படி? நெடுநேரம் பேசி முடிவுக்கு வந்தார்கள். வலியை இரு பக்கமும் சமமாக உணர அளவுகோல் முயற்சி செய்ய வேண்டும், இதற்காக அவருக்கு ஒரு மாத அவகாசம் தரலாம் என்று பரிந்துரை செய்தார்கள். அவகாசம் தந்ததற்கு அவர் நன்றி சொன்னார்.

அந்த மாதத்தில் கன்னம் வீங்கியது. ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. தெரு மூலையில் இருந்த சின்ன கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் நீலக் காகிதக் காலத்து டாக்டர், இவர் குடும்பத்துக்குப் பழக்கமானவர். அவர் தலைக்கு மேலே சுவரில் இவர் படம் இருந்தது.

"டாக்டர், கண்ணை மூடிக்கிட்டு ஒரு இழு இழுத்துடுங்க. யாருக்கும் தெரியாது" என்றாள் மனைவி.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எட்ட நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. "வேர்ல சீழ் வச்சிருக்கு. இது எடுக்க வேண்டிய பல்லுதான். யார் பார்த்தாலும் சொல்லுவாங்க" என்றார். "ஆனா என்னால முடியாதும்மா. எனக்கு வேற தொழில் தெரியாது." மருந்துக் கடையில் மாத்திரை கேட்டுச் சாப்பிடச் சொன்னார். வெளியே வந்து வழியனுப்பும்போது அவரும் இடது பக்கமாகத்தான் வாயை அசைத்துப் பேசினார்.

அந்த டாக்டரைப் பற்றி இனி ஒன்றும் சொல்வதற்கில்லை. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

கடைசியில் பல்லை எடுத்தது மச்சான். மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவைப் பார்க்க வந்தவன் மாமாவின் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன மாமா இது, மூஞ்சி ஒரு பக்கம் மட்டும் பணக்காரன் மாதிரி ஆயிடுச்சு?"

அக்கா நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லும்போது அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மச்சான் பையிலிருந்து வயர் முறுக்கும் குறடு ஒன்றை எடுத்தான். கொதிக்கிற தண்ணீரில் போட்டான். "மாமா, லைசென்ஸ் போயிடும்னு எனக்குப் பயமில்ல. எங்கிட்ட எந்த லைசென்சும் இல்ல" என்றான்.

சமையலறை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வைத்தார்கள். மனைவி பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் இரண்டு ஆட்டு ஆட்டி இழுத்தான். வந்துவிட்டது. சீழும் ரத்தமுமாக ஒரு குவளை துப்பினார். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வலி இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இப்போது அந்த இடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"போதும்டா சாமி" என்றார். "நாளைக்குப் போய் வாயைத் திறந்து காட்டிடறேன். பல்லு போன அளவுகோலை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? போய்யான்னு அனுப்பிடுவாங்க. நான் பாட்டுக்கு என் கடையைப் பார்ப்பேன்."

"திட்டுவாங்களே" என்றாள் மனைவி.

"திட்டட்டும். திட்டு காதுக்குத்தானே."

அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார். ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினார்.

திங்கட்கிழமை மனைவியும் கூட வந்தாள். திட்டு வாங்கும்போது துணையாக இருக்கலாம், அப்படியே ஆணி வாங்கிக்கொண்டு இருவரும் கடைக்குப் போகலாம் என்று திட்டம். அவளைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு இவர் உள்ளே போனார். சொல்வதற்குள் கம்ப்யூட்டர் பெண் தகட்டை வாயில் வைத்துவிட்டாள். கடித்தார். பட்டனை அழுத்தினாள். ஐம்பதுக்கு ஐம்பது.

அவர் தகட்டை எடுத்துவிட்டு வாயை ஆவென்று திறந்து காட்டினார். "அம்மா, இங்க பாருங்க. பல்லு இல்ல. நேத்து எடுத்தாச்சு."

அவள் ஓட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "திரையில ஒண்ணும் காட்டலியேய்யா" என்று சொல்லிவிட்டு, பயந்துபோய் இயக்குநருக்குப் போன் செய்தாள்.

இயக்குநர் வந்தார். கூடவே குழுவும் வந்தது. திட்டுவார் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் திட்டவில்லை. திரைக்கு முன்னால் போய் நின்று எண்களைப் படித்தார்.

"ஐயா, ஒரு பல்லு குறையுதுங்க எனக்கு. இனிமே நான் இதுக்கு லாயக்கில்ல. என்னை விட்டுடுங்க."

"குறையுதா?" என்று மெதுவாகத் திரும்பினார் இயக்குநர். "எதோட ஒப்பிட்டுக் குறையுது? ஒப்பிடறதுக்கு இந்த ஊர்ல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்களை உங்களோட ஒப்பிட்டா ஒண்ணும் குறையலியே."

"ஓட்டை இருக்குங்க. விரலை விட்டுப் பாருங்க."

"விரல் அங்கீகாரம் பெற்ற கருவி இல்லைங்க." அவர் குழுவின் பக்கம் திரும்பினார். குரல் பின்வரிசைக்கும் கேட்கும் அளவுக்கு உயர்ந்தது. "அளவுகோலுக்குக் குறைன்னு ஒண்ணு கிடையாது. அது எப்படி இருக்கோ அதுதான் முழுசு. அப்படின்னா, கீழ் வரிசையில வலது பக்கம் கடைசிக்கு முந்தின பல்லு இந்த ஊர்ல யார் யாருக்கு இருக்கோ, அவங்களுக்கெல்லாம் அது உபரி. இவ்வளவு நாளா ராவிக்கிட்டே இருந்தோமே, ஏன் தீரல? உபரிப் பல்லை ராவினா எப்படித் தீரும்? எடுக்கணும். நாம சந்தேகப்பட்டது ஜனங்களை. தப்பு. ஜனங்க பல்லைச் சந்தேகப்பட்டிருக்கணும்."

குழு குறித்துக்கொண்டது. முன்னுதாரணமாக அளவுகோலின் குடும்பத்திலிருந்தே ஆரம்பிப்பது என்றும் முடிவாயிற்று. கூடத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் யாரோ போய், "உங்களை உள்ள கூப்பிடறாங்கம்மா" என்றார்கள். கணவர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவளும் எழுந்து போனாள்.

புதிய நிலவரத்துக்கு ஏற்ப எல்லா அறை மெஷின்களையும் ஒன்றாக இணைத்து, ஒரே கடியில் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும் என்று இவரை மறுபடி உட்கார வைத்தார்கள். தகட்டை வாயில் வைத்தார்கள். அளக்கும் அறைக்கும் பல் எடுக்கும் அறைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். ஒளிவுமறைவில்லாத நிர்வாகம் வேண்டும் என்று இயக்குநர் வைத்த சுவர். அந்தக் கண்ணாடி வழியாக அவர் பார்த்தார். சாய்வு நாற்காலியில் அவர் மனைவி படுத்திருந்தாள். வாயில் பஞ்சும் குழாயும் இருந்தன. மரத்துப்போகிற ஊசியும் போட்டாகிவிட்டது போலிருந்தது. பேச முடியாமல் கண்ணை உருட்டி இவரைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய நல்ல பல்லுக்கு நேராக இடுக்கி போய்க்கொண்டிருந்தது.

இவர் எழப் பார்த்தார். கம்ப்யூட்டர் பெண் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "அசையாதீங்கய்யா. வாயைத் திறக்காதீங்க. திறந்தா முதல்லேருந்து கடிக்கணும்."

அவர் திறந்தார். அத்தனை மாதமும் மூடி மூடிக் கடித்த வாயை முழுக்கத் திறந்து, "வேண்டாம், அவளை விட்டுடுங்க" என்று கத்தினார். தகடு கீழ் உதட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மேல் பல்லும் கீழ் பல்லும் எங்கேயும் படவில்லை. திரையில் இருந்த தூண்களெல்லாம் படுத்துவிட்டன. இடது பூஜ்யம், வலது பூஜ்யம்.

அளவுகோலின் வாயில் தகடு இருக்கும்போது எந்த எண் வந்து நின்றாலும் பட்டனை அழுத்த வேண்டும் என்பது விதி. பெண் பதறிப்போயிருந்தாலும் விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது. 'இதுவே சமம்' என்று மெஷின் ஏற்றுக்கொண்டது. எல்லா அறைகளுக்கும் அதுவே அனுப்பிவைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் திரையும் மாறியது. டாக்டர் இடுக்கியை நிறுத்தி அதை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து பெரிய தட்டு ஒன்றை எடுத்து வந்தார். தட்டு நிறைய இடுக்கிகள் இருந்தன. அவர் கனிவானவர்தான். அவள் பக்கம் குனிந்து, புரியும்படி நிதானமாகச் சொன்னார்.

"கொஞ்சம் நேரமாகும்மா. இப்ப வந்திருக்கிற அளவுப்படி, மேல கீழ எதுவுமே பட்டுக்கக் கூடாதாம். உங்களுக்கு எல்லாமே உபரியா இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாராவது வந்திருக்காங்களா?"

அவள் கையைத் தூக்கிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காட்டினாள். பிரேம் கடைக்காரர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. சத்தம் அந்தப் பக்கம் போகவில்லை. டாக்டர் திரும்பிப் பார்த்து மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தார்.

"அவர் அளவுகோல்மா" என்றார். "நான் கேக்கிறது உங்க மனுஷங்க யாராவது வந்திருக்காங்களான்னு."